இடது கால் ஆட்டம்

ஜனவரி 6

அன்புள்ள பஞ்சுவுக்கு,

அக்கா எழுதுகிறேன். உன் முட்டிவலி எப்படி இருக்கிறது? இரவில் தூக்கம் வருகிறதா? நான் சௌக்கியம். வழக்கத்துக்காக எழுதும் சௌக்கியம் அல்ல, உண்மையான சௌக்கியம். இதை இப்போது எல்லோரிடமும் இரண்டு முறை சொல்ல வேண்டியிருக்கிறது.

போன மாதம் குளியலறையில் ஒரு சின்ன வழுக்கல். அவ்வளவுதான். பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா மறுநாள் என் மகனுக்குப் போன் செய்து அதைப் பெரிதாக்கிவிட்டாள். அவன் லீவு போட்டுக்கொண்டு ஓடிவந்தான். வந்தவன் என் காலைப் பார்க்கவில்லை, முகத்தைத்தான் பார்த்தான். "அன்னைக்கு ராத்திரி நான் போன் பண்ணேன்ல? ஒண்ணுமில்லடா, நல்லாத்தான் இருக்கேன்னு சொன்னீங்களேம்மா?" என்று கேட்டான். நல்லாத்தான் இருந்தேன். அதைத்தான் சொன்னேன்.

இப்போது நிபந்தனை போட்டிருக்கிறான். மே மாதம் முதியோர் மருத்துவரிடம் என்னை அழைத்துப்போவான். நான் நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழ வேண்டும். பத்து எண்ணும்வரை ஒற்றைக் காலில் நிற்க வேண்டும். நின்றால் இந்த வீட்டிலேயே இருக்கலாம். நிற்காவிட்டால் வீட்டைக் காலி செய்துவிட்டு அவனோடு போய்விட வேண்டும். அங்கே எனக்கு ஓர் அறை தயாராம். வர்ணம்கூட அடித்தாயிற்றாம். என்ன வர்ணம் வேண்டும் என்று யாரும் என்னைக் கேட்கவில்லை.

அவர் போன பிறகு இந்த மூன்றாம் மாடியில் தனியாகத்தான் இருந்திருக்கிறேன். குழாய் ஒழுகினால் ஆள் பிடிப்பது நான். அந்த ஆள் சரியாக வேலை செய்யவில்லையென்றால் திரும்ப வரவழைப்பதும் நான். எனக்குப் பரீட்சை புதிதல்ல. தெருமுனைப் பொதுக்கூடத்தில் வயதானவர்களுக்குக் காலையில் ஏதோ விளையாட்டு வகுப்பு நடக்கிறதாம். பழைய விளையாட்டுகளை வைத்தே உடற்பயிற்சி. போய்ப் பார்க்கப் போகிறேன்.

உடம்பைக் கவனித்துக்கொள். அடுத்த கடிதத்திலாவது தேதி போடு.

அன்புடன்,
அக்கா


ஜனவரி 20 (தேதி போட்டுவிட்டேன்)

பிரியமுள்ள அக்கா,

உன் கடிதம் வந்தது. முட்டி இருக்கிற இடத்தில் இருக்கிறது. நானும் இருக்கிற இடத்தில்தான் இருக்கிறேன். நீ சௌக்கியம் என்று இரண்டு முறை எழுதியதால் நம்புகிறேன்.

ஒற்றைக் காலில் நிற்பதற்கு உனக்கு எதற்கு வகுப்பு? பிறந்ததிலிருந்து எந்த விஷயத்தில்தான் நீ ஒற்றைக் காலில் நிற்கவில்லை? அந்த மருத்துவர் நம் அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் பரீட்சையே வைத்திருக்க மாட்டார்.

இங்கே ஒரு குறையும் இல்லை. மகளும் மாப்பிள்ளையும் என்னைத் தரையில் விடாமல் தாங்குகிறார்கள். கட்டில் பக்கத்தில் மணி வைத்திருக்கிறார்கள். தண்ணீர் வேண்டுமென்றால் அதை அடித்தால் போதும். சாப்பாடு அறைக்கே வந்துவிடும். ஜன்னல் வழியாக எதிர்வீட்டு மாடிப்படி தெரியும். யார் ஏறுகிறார்கள், யார் இறங்குகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பேன். பொழுது போய்விடும்.

ஒன்று கேட்க வேண்டும். உன் மகன் போனில் என்னோடு பேசினான். சின்ன வழுக்கல் என்றால் தையல்காரம்மா எதற்காகக் கதவை உடைத்தாள்?

உன் பஞ்சு


பிப்ரவரி 8

அன்புள்ள பஞ்சு,

உன் கையெழுத்து கொஞ்சம் சாய்கிறது. படுத்துக்கொண்டு எழுதாதே. இரத்த அழுத்த மாத்திரையை வேளைக்குச் சாப்பிடுகிறாயா? எனக்கு ஒரு குறையும் இல்லை.

வகுப்புக்குப் போனேன். கூடத்தின் சிமெண்ட் தரையில் மஞ்சள் டேப் ஒட்டிக் கட்டம் போட்டிருக்கிறார்கள். சாட்சாத் பாண்டியேதான். சில்லுக்குப் பதிலாக மணல் நிரப்பிய சின்னத் துணிப்பை. ஒரு மூலையில் வளையம் எறிகிறார்கள். நிற்க முடியாதவர்களுக்கு மேஜைமேல் அஞ்சாங்கல், விரல்களுக்கு நல்லதாம். சுவரோரம் நாற்காலிகள், தடுமாறினால் பிடித்துக்கொள்ள. நடத்துகிறவள் ஒரு பிசியோதெரபிப் பெண். "எக்சர்சைஸ்னா யாரும் வர மாட்டேங்கறாங்கம்மா. விளையாட்டுன்னா முன்னாடியே வந்து வாசல்ல நிக்கறாங்க," என்றாள். கெட்டிக்காரப் பெண். ஆனால் ஒரு பெரிய தப்புச் செய்து வைத்திருந்தாள்.

பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற ஒருவர் ஆடிக்கொண்டிருந்தார். எல்லோரும் அவரை டிரைவர் என்றே கூப்பிடுகிறார்கள். மூன்றாம் கட்டத்தில் கோட்டின்மேலேயே காலை வைத்தார்.

"அவுட்," என்றேன்.

"இங்க அவுட்டே கிடையாதும்மா," என்றாள் அந்தப் பெண். "யார் மனசும் கஷ்டப்படக் கூடாதுல்ல?"

"மனசு கஷ்டப்படாம ஆடறதுக்குப் பேர் பாண்டியா? அதுக்குப் பேர் வாக்கிங்."

டிரைவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "அம்மா சொல்றது நியாயம்தான். நானும் சேர்ந்த நாள்லேருந்து ஜெயிச்சுக்கிட்டே இருக்கேன். போரடிக்குது," என்றார்.

அன்று முதல் கூடத்தில் அவுட் என்றால் அவுட். தீர்ப்புச் சொல்வது நான். எனக்கு விசிலம்மா என்று பெயர் வைத்திருக்கிறார்கள். என்னிடம் விசில் கிடையாது. என் குரலே போதும்.

அந்தப் பெண் முறைக்கு முறை கால் மாற்றி நொண்ட வேண்டும் என்றாள். கான்வென்டில் நாம் வலது காலில் மட்டும்தானே நொண்டுவோம்? விதி விதிதான் என்று சொல்லிவிட்டேன். "உங்க இஷ்டம்மா," என்று விட்டுவிட்டாள். வலது காலில் நான் இன்னும் பள்ளிக்கூடப் பெண்தான், பஞ்சு. பார்த்தவர்கள் கைதட்டினார்கள்.

வேறு விசேஷம் இல்லை.

உன் அக்கா


பிப்ரவரி 22

பிரியமுள்ள அக்கா,

மாத்திரை வேளைக்கு வருகிறது. நான் மறந்தாலும் மகள் மறக்க மாட்டாள். விசிலம்மாவுக்குத் தொண்டை நலமா?

டிரைவர் கதையைப் படித்து நான் சிரித்த சிரிப்பில் மகள் பயந்துபோய் ஓடிவந்துவிட்டாள். நீ செய்தது சரி. நாம் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது, ஆடத் தெரியாத குட்டிகளை ஒப்புக்குச் சப்பாணி என்று சேர்த்துக்கொள்வோமே, ஞாபகம் இருக்கிறதா? அவர்கள் ஓடலாம், கத்தலாம். யாரும் அவுட் ஆக்க மாட்டார்கள். அவர்களுக்கும் ரொம்பச் சந்தோஷம். கொஞ்சம் வளர்ந்த பிறகுதான் தெரியும், தாங்கள் ஆட்டத்திலேயே இல்லை என்று.

போன வாரம் பட்டாணி உரித்துக் கொடுத்தேன். மகள் கையைப் பிடித்துக்கொண்டு, "எவ்ளோ ஹெல்ப்பும்மா," என்றாள். பிறகு சமையலறையில் அதையெல்லாம் கொட்டி மறுபடி பொறுக்கும் சத்தம் கேட்டது. கண் சரியாகத் தெரியவில்லை, புழுவையும் சேர்த்து உரித்துவிட்டேன் போலிருக்கிறது. அவள்மேல் தப்பில்லை.

அக்கா, வலது கால் விதி என்று நம் பள்ளியில் எந்த சிஸ்டரும் போட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை. அவர்கள் ஜெபமாலையை உருட்டிக்கொண்டு மரத்தடியில் இருப்பார்கள். விதி போட்டது நீ. உனக்கு இடது காலில் வராது, அதனால்.

கதவைப் பற்றி நீ ஒன்றும் எழுதவில்லை.

உன் பஞ்சு


மார்ச் 15

அன்புள்ள பஞ்சு,

நீ நலம் என்று நம்புகிறேன். நான் நலம்.

பள்ளி விதிகளைப் பற்றி உன் ஞாபகத்தை நம்பி யாரும் எதுவும் செய்ய முடியாது. உனக்குப் பாதி நாள் மதிய மணி அடித்ததே தெரியாது.

நேற்று டிரைவரைத் தோற்கடித்தேன். கடைசிச் சுற்றில் கண்ணை மூடிக்கொண்டு கட்டம் கட்டமாகப் போக வேண்டும். "ரைட்டா?" என்று நான் கேட்க, கூடம் முழுக்க "ரைட்டு!" என்று கத்தியது. எட்டுக் கட்டமும் தாண்டிப் பழம் எடுத்தேன். நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுகிறேன். தையல்காரம்மா வாசலில் நின்று பார்த்துவிட்டு, "என்னக்கா, குதிரை மாதிரி எந்திரிக்கிறீங்க!" என்றாள். மே மாதம் வரட்டும். அந்த அறையில் என் மகன் வேறு யாரையாவது வைத்துக்கொள்ளட்டும்.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். உன் கடிதத்தைப் படித்தால் கோபம் வருகிறது. பட்டாணி கொட்டினால் கொட்டட்டும். நீ ஏன் எழுந்துபோய், எதற்கடி கொட்டுகிறாய் என்று கேட்கவில்லை? உனக்கு நிபந்தனைகூட யாரும் போடவில்லை. மகள் ஒரு தடவை கூப்பிட்டாள். நீ வீட்டைக் கொடுத்துவிட்டு மூட்டையைக் கட்டிக்கொண்டு போனாய். சின்ன வயதிலும் இப்படித்தான். யாராவது உன் இடத்தில் வந்து உட்கார்ந்தால் நீ எழுந்து நிற்பாய். இப்போது எழுந்து நிற்கவேண்டிய நேரத்தில் உட்கார்ந்திருக்கிறாய். உன் முட்டிக்கு ஒன்றும் இல்லை, பஞ்சு. உனக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது.

எழுந்து நட.

அக்கா


ஏப்ரல் 20

அன்புள்ள பஞ்சு,

உடம்பு சுகம்தானே? உன்னிடமிருந்து பதில் இல்லை. தபால் தாமதம் போலிருக்கிறது. இங்கேயும் தபால்காரர் புதியவர்; எதிர்வீட்டுக் கடிதங்களை என் வீட்டில் போடுகிறார்.

போன கடிதத்தில் கொஞ்சம் அழுத்தமாக எழுதிவிட்டேனோ என்று யோசித்தேன். எழுதியது எதுவும் பொய் இல்லை. ஆனால் எல்லாவற்றையும் ஒரே கடிதத்தில் எழுதியிருக்க வேண்டாம்.

மருத்துவரைப் பார்ப்பது மே பத்தாம் தேதி. ஒரு வரி எழுது.

அக்கா


மே 14

அன்புள்ள பஞ்சு,

இன்னும் உன் கடிதம் வரவில்லை. உன் மகளுக்குப் போன் செய்தேன். "அம்மா நல்லா இருக்காங்க பெரியம்மா, தூங்கறாங்க," என்றாள். காலை பதினொரு மணிக்கு என்ன தூக்கம்?

பரீட்சையைப் பற்றிச் சொல்கிறேன். மருத்துவர் நல்ல மனிதர், நிதானமானவர். என் மகன் பக்கத்தில் நின்றான். நாற்காலியிலிருந்து கையைக் கட்டிக்கொண்டு எழுந்தேன். பிறகு வலது காலில் நின்றேன். அவர் பத்து எண்ணி முடித்தும் நான் காலை இறக்கவில்லை. "போதும்மா, போதும்," என்று சிரித்தார். பேனாவை எடுத்தார். எழுதப் போகிறவர் நிமிர்ந்து, "ரெண்டு காலும் இப்படித்தானே?" என்று சும்மா கேட்டார்.

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம்.

"இடது காலை நான் பழக்கல," என்றேன்.

"பழக்கலையா? ஏம்மா?"

"எங்க ஸ்கூல்ல வலது கால்லதான் ஆடுவோம்."

அவர் என் மகனைப் பார்த்தார். என் மகன் கூரையைப் பார்த்தான். சரி, இடது காலில் ஒரு தடவை நின்று பார்க்கலாமே என்றார். நின்றேன். ஒன்று என்று அவர் வாயைத் திறப்பதற்குள் என் மகனின் சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஒரு பொத்தான் தெறித்துவிட்டது.

மருத்துவர் ஆகஸ்டில் மறுபடி வரச் சொல்லியிருக்கிறார். காரை என் மகன்தான் ஓட்டினான். சாலையைப் பார்த்தபடியே, "அன்னைக்கு எவ்ளோ நேரம்மா கீழயே கெடந்தீங்க?" என்று கேட்டான். நான் ஜன்னல் கண்ணாடியை இறக்கினேன்.

நீயும் இரண்டு தடவை கேட்டாய். உனக்கு மட்டும் ஒன்று சொல்கிறேன். அன்று மடங்கியது இடது கால்தான்.

அக்கா


ஜூன் 2

பிரியமுள்ள அக்கா,

உயிரோடு இருக்கிறேன். காலை பதினொரு மணிக்கு நான் தூங்கவில்லை. உன்னோடு பேச வேண்டாமென்று கண்ணை மூடிக்கொண்டேன். உன் இடது காலுக்குத் தைலம் ஏதாவது தடவுகிறாயா?

உன் மார்ச் மாதக் கடிதத்தைப் படித்துவிட்டுத் தலையணைக்கு அடியில் வைத்தேன். மூன்று வாரம் உன்னைத் திட்டினேன். திட்ட எழுந்து உட்கார வேண்டியிருந்தது. பிறகு ஒருநாள் எல்லோரும் வெளியே போயிருந்தபோது, இவள் என்ன சொல்வது, நானே எழுந்து சமையலறைக்குப் போகிறேன் என்று கிளம்பினேன். கதவு நிலைவரை போனேன். அதற்குமேல் போக முடியவில்லை. வலியால் அல்ல, அக்கா. என் கால்கள் யாராவது வந்து பிடிப்பார்கள் என்று காத்துக்கொண்டு நின்றன. அப்படி ஒரு பழக்கம் வந்துவிட்டது என்று எனக்கே தெரியாது. நிலையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அதனால்தான் உனக்கு எழுதவில்லை. நீ சொன்னது சரி என்று எழுத எனக்கு மனசில்லை.

இப்போது நான் ஒன்று சொல்கிறேன். விதியாவது, பள்ளிக்கூடமாவது! இடது கால் மறுபடி மடங்கிவிடும் என்று உனக்குப் பயம். அந்தப் பயத்தைத் தூக்கி சிஸ்டர்கள் தலையில் வைத்துவிட்டாய், பாவம். பயந்தால் என்ன? நான் தினமும் பயப்படுகிறேன்.

ஒரு பந்தயம். நீ அங்கே இடது காலில் நில். நான் இங்கே கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு இடது காலில் நிற்கிறேன். ஆகஸ்ட்வரை. பார்க்க ஆள் கிடையாது, உனக்கு நீயே தீர்ப்பு, எனக்கு நானே. அழுகுணி ஆட்டம் ஆடக் கூடாது.

பஞ்சு


ஜூன் 30

அன்புள்ள பஞ்சு,

உன் கடிதம் வந்த அன்று இரண்டு வேளையும் நன்றாகச் சாப்பிட்டேன். உன் முட்டியில் வீக்கம் இருந்தால் பந்தயத்தை ஒருநாள் நிறுத்து. அதை அழுகுணி ஆட்டம் என்று நான் சொல்ல மாட்டேன். வேறு எதற்கும் சலுகை கிடையாது.

முதல் நாள் இடது காலில் ஆடப் போகிறேன் என்று கூடத்தில் அறிவித்தேன். மணல்பையை எறிந்தேன், முதல் கட்டத்தில் கால் வைத்தேன், கோட்டுக்கு வெளியே போய் நின்றேன்.

ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. பிசியோ பெண் எங்கேயோ பார்த்தாள்.

"என்ன எல்லாரும் ஊமையாயிட்டீங்க?" என்றேன்.

டிரைவர்தான் தயங்கித் தயங்கி, "விசிலம்மா... அவுட்," என்றார்.

"சத்தமா சொல்லுங்க. உங்களுக்கு நான் அப்படியா சொன்னேன்?"

"விசிலம்மா அவுட்!" என்று அவர் பஸ் நிலையத்தில் கத்துவதுபோலக் கத்தினார். கூடமே சிரித்தது. நானும் சிரித்தேன். பிறகு ஓரமாகப் போய் உட்கார்ந்தவள் அன்று மறுபடி ஆட எழவில்லை. வெட்கத்தினால்தான் என்று நினைத்தேன். வெட்கம் அல்ல, நீ சொன்ன பயம்தான்.

அன்றிலிருந்து தினமும் அவுட். தினமும் முதல் கட்டம். என்னிடம் எத்தனையோ முறை அவுட் வாங்கியவர்கள் ஒவ்வொருவராக வந்து கடனைத் தீர்த்துக்கொள்கிறார்கள். பிசியோ பெண் ஒரு வழி சொன்னாள். நாற்காலி முதுகை முழுக் கையால் பிடித்து நிற்க வேண்டும். அது பழகியதும் இரண்டு விரலால். பிறகு ஒரு விரலால். பிறகு விரலை நாற்காலிக்கு மேலே காற்றில் வைத்துக்கொள்ள வேண்டும். நான் இப்போது ஒரு விரலில் இருக்கிறேன். நேற்று முதல் கட்டத்தைத் தாண்டி இரண்டாவதில் அவுட் ஆனேன். டிரைவர் எனக்காகக் கூடத்தைச் சுற்றி ஹாரன் அடித்துக்கொண்டு நடந்தார்.

உனக்குச் சில குறிப்புகள்: செருப்பைக் கழற்றிவிடு. எதிரே அசையாத ஒன்றைப் பார். எதிர்வீட்டுப் படியில் ஏறி இறங்குகிறவர்களைப் பார்க்காதே, அவர்களோடு நீயும் ஆடிவிடுவாய். உன் நிலவரத்தை உண்மையாக எழுது.

அக்கா


ஜூலை 25

பிரியமுள்ள அக்கா,

வீக்கம் இல்லை. பசிக்கிறது. மருந்து ஒன்றைக் குறைத்திருக்கிறார்கள். உன் விரல் இப்போது எங்கே இருக்கிறது, நாற்காலியிலா, காற்றிலா?

நான் இரண்டு கையையும் விட்டுவிட்டேன். மூன்று எண்ணும்வரை. நீ நம்ப மாட்டாய், அதனால் இரண்டு என்றே வைத்துக்கொள்.

ஆனால் பிடிபட்டுவிட்டேன். மகள் பையை மறந்துவிட்டுத் திரும்பி வந்தவள், நான் கொக்கு மாதிரி நிற்பதைப் பார்த்து அலறிவிட்டாள்.

"என்னம்மா பண்றீங்க? விழுந்தா யாரும்மா பாக்கறது?"

"நீதான் பாக்கணும். வேற யாரு?"

"அதுக்குத்தாம்மா உக்காருங்கன்னு சொல்றேன்!"

"உக்காந்து உக்காந்து நான் நாற்காலியாவே ஆயிட்டேன்டி. நாளைக்கு என்மேல துணி மடிச்சு வைக்கப் போறீங்க."

அவள் கையில் பையோடு அப்படியே நின்றாள். நான் இதுவரை அவளிடம் குரலை உயர்த்தியதில்லை. அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அவளும் ரொம்பப் பயந்துபோயிருக்கிறாள், அக்கா. ஆபீசிலிருந்து தினமும் எத்தனை முறை வீட்டைப் பற்றி நினைத்துக்கொள்கிறாள் என்று அப்போதுதான் சொன்னாள். அது எனக்குத் தெரியாது. நான் எல்லாவற்றுக்கும் சரி சரி என்றதால் அவளும் சொன்னதில்லை.

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இதுல அப்படி என்ன இருக்கு," என்று என் பக்கத்தில் வந்து இடது காலில் நின்றாள். எனக்கு முன்னாலேயே தள்ளாடி நிலையைப் பிடித்துக்கொண்டாள். "அவுட்!" என்றேன். நீ இங்கே இருந்திருக்க வேண்டும்.

ஆகஸ்டில் உனக்கு எப்போது?

பஞ்சு


ஆகஸ்ட் 12

அன்புள்ள பஞ்சு,

சௌக்கியமாக இருக்கிறாயா? நான் என் வீட்டில், என் மேஜையில் உட்கார்ந்து எழுதுகிறேன். இனிமேலும் இங்கிருந்துதான் எழுதுவேன்.

நேற்றுப் போனோம். அதே அறை, அதே மருத்துவர். இடது காலில் நிற்கச் சொன்னார். அவர் கண் கடிகாரத்தில் இருந்தது. என் மகன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நன்றாகத்தான் நின்றேன். ஏழு தாண்டும்போது கணுக்கால் ஒரு பக்கம் இழுத்தது. என் சுண்டுவிரல் மேஜை ஓரத்தைத் தொட்டது. ஊன்றவில்லை, தொட்டது, அவ்வளவுதான். ஒருவரும் பார்க்கவில்லை. "பத்து. அருமைம்மா!" என்றார் மருத்துவர்.

"இல்ல டாக்டர். மேஜையைத் தொட்டுட்டேன். அவுட்."

"அம்மா!" என்றான் என் மகன், கெஞ்சுவதுபோல.

"லேசாத்தானேம்மா தொட்டிருப்பீங்க? பரவாயில்ல," என்றார் அவர்.

"லேசா தொட்டாலும் தொட்டதுதான். இன்னொரு தடவை எண்ணுங்க. நீங்க என்னைப் பாருங்க, கடிகாரத்தைப் பாக்காதீங்க."

மேஜையை விட்டு நடு அறைக்கு வந்தேன். பிடிக்க ஒன்றும் இல்லாத இடம். பயமாகத்தான் இருந்தது, பஞ்சு. பயத்தோடேயே காலைத் தூக்கினேன். அவர் பத்து வரை எண்ணினார். கால் நடுங்கியது, ஆனால் நின்றது. தூக்கிய காலை நான்தான் இறக்கிவைத்தேன். அது தானாக விழவில்லை.

வெளியே நடையில் ஒரு பெஞ்சு. என் மகன் அதில் உட்கார்ந்துவிட்டான். "நீங்க சொல்லலேன்னா யாருக்குமே தெரிஞ்சிருக்காதும்மா," என்றான்.

"எனக்குத் தெரியும்ல?"

"அப்ப அன்னைக்கு மட்டும் ஏம்மா சொல்லல?"

இந்தத் தடவை சொன்னேன். காலையில் குளிக்கப் போனவள், தையல்காரம்மா மதியம் வந்து கதவை உடைக்கும்வரை ஈரத்தரையில் கிடந்தேன். இடையில் உள்ளறையில் போன் அடித்தது. அவன்தான் என்று தெரியும். அடித்து அடித்து நின்றது. இரவு அவன் மறுபடி கூப்பிட்டபோது, உன் அம்மா அரை நாள் தரையில் கிடந்தாள் என்று சொல்ல என் நாக்கு எழவில்லை. இத்தனை வருஷமும் அவன் விழுந்தால் தூக்கிவிட்டவள் நான். அதைத்தான் அவனிடம் சொன்னேன். வேறு காரணம் எதுவும் இல்லை.

அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். "இனிமே விழுந்தா சொல்வீங்களா?"

"விழுந்த அன்னைக்கே சொல்வேன்."

"சத்தியமா?"

"மேஜையைத் தொட்டதையே சொன்னவடா நான்."

அவன் சிரித்துவிட்டான். "அப்ப உங்க வீட்லயே இருங்கம்மா," என்றான். இன்னொரு சாவியைத் தையல்காரம்மாவிடம் கொடுத்து வைக்க வேண்டும் என்று கேட்டான். நான் மறுக்கவில்லை. உடைந்த கதவைச் சரிசெய்தவர் இன்னொரு தடவை வந்தால் எனக்குத்தான் அவமானம்.

பந்தயத்தில் நான் பத்து. உன் நிலவரம் என்ன?

பெருமையுடன்,
அக்கா


ஆகஸ்ட் 24

பிரியமுள்ள அக்கா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டுக் கொஞ்சநேரம் மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். கணுக்கால் இழுத்தது என்று எழுதியிருக்கிறாயே, வெந்நீர் ஒத்தடம் கொடு. எனக்கு உடம்பு தேவலை.

பந்தயத்தில் நீதான் ஜெயித்தாய். என்னால் ஐந்துக்குமேல் முடியவில்லை. இதில் ஒன்றுகூடக் கூட்டிச் சொல்லவில்லை.

இந்தக் கடிதத்தை நான் எங்கே உட்கார்ந்து எழுதுகிறேன் என்று சொல்ல வேண்டும். தபால் நிலையத்துக்கு எதிரே ஒரு மரப்பெஞ்சு இருக்கிறது. அதில். பக்கத்தில் யாரும் இல்லை. காலையில் சேலை மாற்றிக்கொண்டு மகளிடம், "தபால் ஆபீஸ் வரைக்கும் போய்ட்டு வரேன்," என்றேன். போகட்டுமா என்று கேட்கவில்லை. அவள் செருப்பைத் தேடினாள், கூட வருவதற்கு. நான் அவளைப் பார்த்தேன். என்ன நினைத்தாளோ, செருப்பைக் கீழே வைத்துவிட்டுக் கதவைத் திறந்துவிட்டாள். நான் தெரு திரும்பும்வரை வாசலிலேயே நின்றிருந்தாள்.

நான்கு வருஷத்துக்குப் பிறகு இந்தத் தெருவில் தனியாக நடக்கிறேன். மருந்துக் கடை இருந்த இடத்தில் கண்ணாடிக் கடை வந்திருக்கிறது. நடைபாதை ஒரு இடத்தில் உயரமாகிவிட்டது; பிடிக்க ஒன்றும் இல்லாத ஒற்றைப் படி. அதன் முன்னால் நின்றுவிட்டேன். பின்னால் வந்த ஒருவர், "ஏறணுமாம்மா? கையைப் புடிச்சுக்கறீங்களா?" என்று கேட்டார். நல்ல பிள்ளை. எனக்குக் கை நீட்டத்தான் தோன்றியது.

"வேண்டாம் தம்பி, நான் ஆட்டத்துல இருக்கேன்," என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. ஒதுங்கி நின்று வழி விட்டார். நான் இடது காலை முதலில் எடுத்து வைத்தேன்.

பஞ்சு